கொதிக்கிறது, வேகவில்லை: தென்னாப்பிரிக்கத் தமிழ்ச் சமையலறையில் வெப்பத்தின் கதை

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அடுப்படியை ஆண்ட என் ஆயா, முதன்முறையாக ஜோஹன்னஸ்பர்க்குக்கு வந்து எங்களோடு தங்கிய வாரத்தில், மூன்றாம் நாள் காலை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தண்ணி தளதளன்னு கொதிக்குது, பருப்பு மட்டும் கல்லாட்டம் கெடக்குதுடா" என்றார். அவர் கையோடு கொண்டுவந்திருந்தது டர்பன் கடையில் வாங்கிய பருப்புதான். இந்த நாட்டுக் கடைகளில் ‘ஆயில் டால்’ என்று சொல்லி விற்கும், எண்ணெய் தடவிய துவரம்பருப்பு. பானையும் அவருடையதே. முக்கால் மணி நேரத்தில் மசிந்துவிடும் பருப்பு, ஒன்றேகால் மணி நேரம் ஆன பிறகும், இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினால் உள்ளே வெள்ளையாக வேகாத மாவைக் காட்டியது. தண்ணீரில்தான் ஏதோ கோளாறு என்று அவர் முடிவு கட்டியிருந்தார்.

நான் உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். வீட்டில் ஒரு வெப்பநிலைமானி இருந்தது. அதைக் கொதிக்கும் தண்ணீரில் பிடித்தபோது 95 டிகிரிக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. அடுப்பை முழுவதுமாகத் திருகிப் பார்த்தோம். குமிழிகள் பெருகின, ஆவி கூரையைத் தொட்டது, ஆனால் வெப்பநிலைமானி ஒரு கோடுகூட ஏறவில்லை. தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்று பாடப்புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்கிறோம். அந்த 100 கடலோரத்துக்கு உரிய எண். டர்பனுக்கு அது பொருந்தும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஜோஹன்னஸ்பர்க்குக்குப் பொருந்தாது.

இதற்குக் காரணம் நம் தலைக்கு மேல் இருக்கும் காற்றின் எடை. கடற்கரையில் நிற்கும் ஒருவர் மீது, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும், ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள காற்றுத் தூண் நிற்கிறது. நாம் அதை உணர்வதில்லை, ஏனென்றால் உடலுக்குள்ளிருந்தும் அதே அளவு அழுத்தம் வெளியே தள்ளுகிறது. பானையின் அடியில் ஓர் ஆவிக் குமிழி உண்டாக வேண்டுமானால், அது இந்தக் காற்றின் அழுத்தத்தைத் தாங்கி விரிய வேண்டும். தண்ணீர் சூடாகச் சூடாக ஆவியின் உந்துதல் கூடிக்கொண்டே போகிறது. எந்த வெப்பநிலையில் அது வெளிக்காற்றின் அழுத்தத்துக்குச் சமமாகிறதோ அங்கே தண்ணீர் கொதிக்கிறது. ஜோஹன்னஸ்பர்க் அமைந்திருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் தலைக்கு மேலுள்ள காற்று குறைவு; அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். அதனால் ஆவி எளிதாக வென்றுவிடுகிறது. தண்ணீர் 94 அல்லது 95 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடுகிறது. தோராயமாக ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் கொதிநிலை ஒரு டிகிரி இறங்கும். டர்பனிலிருந்து உள்நாட்டுக்கு ஏறும் நெடுஞ்சாலையில் முதலில் வரும் பெரிய ஊரான பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில், ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில், அது 98 டிகிரி.

ஐந்தாறு டிகிரி என்பது பெரிய வித்தியாசமா என்று ஆயா கேட்டார். நல்ல கேள்வி. பருப்பு வேவது என்பது அதற்குள் இருக்கும் மாவுப்பொருளும், செல்களை ஒட்டவைத்திருக்கும் பசை போன்ற பொருளும் தண்ணீரில் இளகும் மாற்றம். இத்தகைய மாற்றங்களின் வேகம், வெப்பநிலை 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்பது வேதியியலில் பழைய தோராயக் கணக்கு. அந்தக் கணக்கின்படி ஆறு டிகிரி குறைந்தால் நேரம் ஒன்றரை மடங்கு நீளும். பழைய பருப்பாக இருந்தால் இன்னும் கூடவே ஆகும். முக்கால் மணி நேரப் பருப்பு ஒன்றேகால் மணி நேரத்தை நெருங்கியதில் வியப்பில்லை.

இங்கே நம் மொழியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அன்றாடப் பேச்சில் ‘சூடு’ என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளில் வழங்குகிறோம். ஒரு பொருள் எந்த அளவுக்குச் சூடாக இருக்கிறது என்பது ஒன்று. அதற்குள் எவ்வளவு சூடு போயிருக்கிறது, அல்லது அதிலிருந்து எவ்வளவு வெளியே வரும் என்பது மற்றொன்று. முதலாவது வெப்பநிலை, இரண்டாவது வெப்பம். வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். சமையலறையில் நடப்பவற்றில் பாதி, இவை இரண்டும் வெவ்வேறு என்று கண்டுகொண்டவுடன் விளங்கிவிடுகிறது.

அடுப்பைத் திருகியும் வெப்பநிலைமானி அசையாததை எடுத்துக்கொள்வோம். அடுப்பு முன்னைவிட அதிக வெப்பத்தைப் பானைக்குள் அனுப்பியது. வெப்பநிலை மட்டும் ஏறவில்லை. அப்படியானால் அந்த வெப்பம் எங்கே போனது? 18ஆம் நூற்றாண்டின் நடுவில், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஜோசப் பிளாக் இதே கேள்வியைக் கேட்டார். பனிக்கட்டி உருகும்போதும் தண்ணீர் ஆவியாகும்போதும் வெப்பம் உள்ளே போய்க்கொண்டே இருந்தும் வெப்பநிலை ஏறாமல் நிற்பதைக் கண்டு, ஒளிந்துகொள்ளும் அந்த வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயரிட்டார். அளவைப் பார்த்தால் மலைப்பு வரும். ஒரு கிலோ தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 335 கிலோஜூல் போதும். அதே தண்ணீரை, வெப்பநிலை ஒரு டிகிரிகூட மாறாமல், முழுவதும் ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும். ஏறத்தாழ ஏழு மடங்கு. கொதிநீர் பட்டதைவிட ஆவி பட்டால் கை ஏன் மோசமாக வெந்துபோகிறது என்பதற்கும் இதுதான் விடை. இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும், ஆவி தோலின் மேல் தண்ணீராக மாறும்போது ஒளித்து வைத்திருந்த அத்தனை வெப்பத்தையும் அங்கேயே இறக்கிவிடுகிறது.

ஆகவே பானை ஒருமுறை கொதித்துவிட்டால், அதன்பின் அடுப்பைக் கூட்டுவதால் பருப்பு சீக்கிரம் வேகாது. கூடுதல் வெப்பம் முழுவதும் தண்ணீரை ஆவியாக்கிக் கூரைக்கு அனுப்பவே செலவாகிறது. 1,500 வாட் மின் அடுப்பை முழு வேகத்தில் விட்டால், அது ஒரு மணி நேரத்தில் இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீரை ஆவியாக்க வல்லது. மூடி போட்ட பானையை மெல்லக் கொதிக்கும் நிலையில் நிறுத்தி வைக்க அதில் சிறு பங்கே போதும். பிரீபெய்ட் மீட்டரில் யூனிட் குறைவதைப் பார்த்துக்கொண்டே சமைக்கும் வீடுகளுக்கு இது வெறும் பாடக் குறிப்பு ஆகாது, மாதக் கடைசிக் காசு. கொதி வந்தவுடன் தீயைத் தணித்து மூடி போட வேண்டும் என்று ஆயா சொல்லிக்கொடுத்ததை என் அம்மா அடி பிடிக்காமல் இருப்பதற்கான வழி என்றே நினைத்திருந்தார். உப்புப் போட்டால் கொதிநிலை ஏறும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. ஏறுவது உண்மை, ஆனால் ஒரு லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி உப்புக்கு ஏறுவது கால் டிகிரிக்கும் குறைவு.

வெப்பநிலையை உண்மையிலேயே ஏற்ற வேண்டுமானால் அழுத்தத்தை ஏற்ற வேண்டும். பிரஷர் குக்கர் செய்வது அதுதான். பிரான்சில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய டெனி பப்பென் 1679இல் இறுக மூடும் பாத்திரம் ஒன்றைச் செய்து, எலும்பையும் மெதுவாக்கிக் காட்டினார். வெடித்துவிடாமல் இருக்க அதற்குப் பாதுகாப்பு வால்வு ஒன்றையும் அமைத்தார். இன்று நம் குக்கரின் தலையில் உட்கார்ந்து சீட்டி அடிக்கும் வெயிட், வெளிக்காற்றோடு ஏறத்தாழ இன்னொரு மடங்கு கடல்மட்ட அழுத்தத்தைச் சேர்க்கிறது. டர்பனில் குக்கருக்குள் தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரியை எட்டும். ஜோஹன்னஸ்பர்க்கிலும் அதே 120தானா? இல்லை. வெயிட் சேர்ப்பது நிலையான அளவு. அது சேர்வது இந்த ஊரின் மெலிந்த காற்றோடுதான். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 117 டிகிரி வருகிறது. திறந்த பானையில் ஆறு டிகிரியாக இருந்த இழப்பு குக்கருக்குள் மூன்றாகக் குறைகிறது. டர்பனில் மூன்று சீட்டி வைத்தவர்கள் இங்கே நான்கு வைக்க வேண்டியிருப்பது அதனால்தான்.

மெலிந்த காற்று சமையலறையில் தொல்லை. ஆனால் நம் முன்னோரின் வாழ்க்கையைத் தீர்மானித்த தொழில் ஒன்று அதே மெலிந்த காற்றை வேண்டுமென்றே உண்டாக்கிக்கொண்டது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனில் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது. 1911 வரை இப்படி, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். பெரும்பாலானோருக்காகக் காத்திருந்தது கரும்புத் தோட்டமும் ஆலையும். கரும்புச் சாற்றைச் சர்க்கரையாக்க அதிலுள்ள தண்ணீரை விரட்ட வேண்டும். திறந்த கொப்பரையில் காய்ச்சினால், சாறு கெட்டியாகக் கெட்டியாக அதன் கொதிநிலை ஏறிக்கொண்டே போய், சர்க்கரை கருகிப் பழுப்பாகிவிடும். ஆங்கில வேதியியலாளர் எட்வர்ட் சார்லஸ் ஹோவர்ட் 1813இல் இதற்கு ஒரு வழி கண்டார்: கொப்பரையை மூடி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். அழுத்தத்தைக் கடல்மட்டத்தின் நான்கில் ஒரு பங்காகக் குறைத்தால் தண்ணீர் 65 டிகிரியிலேயே கொதிக்கும். சாறு கருகாமல் கெட்டிப்படும். ஜோஹன்னஸ்பர்க்கில் ஆயாவின் பருப்பை வேகவிடாமல் தடுத்த அதே விதி, ஆலையில் சர்க்கரையை வெள்ளையாக வைத்திருக்கிறது.

அடுத்த அடியை எடுத்துவைத்தவரைப் பற்றி என் மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வேன். நியூ ஆர்லியன்ஸில் ஆப்பிரிக்க வம்சத் தாய்க்கும் வெள்ளைத் தந்தைக்கும் 1806இல் பிறந்த நார்பர்ட் ரில்லியூ, பாரிஸில் படித்துத் திரும்பியவர். நியூ ஆர்லியன்ஸ் பக்கத்து ஆலைகளில் அடிமைகள் கொதிக்கும் சாற்றை ஒரு கொப்பரையிலிருந்து அடுத்த கொப்பரைக்கு நீண்ட அகப்பையால் மொண்டு ஊற்றி, கை கால் வெந்துபோன காலம் அது. ஆவியோடு வீணாகப் போகும் உள்ளுறை வெப்பத்தைப் பிடித்து மறுபடியும் வேலை வாங்கலாம் என்று அவர் கண்டார். முதல் கொப்பரையிலிருந்து கிளம்பும் ஆவி இரண்டாம் கொப்பரையைச் சூடாக்கும். இரண்டாவதில் அழுத்தம் குறைவு, அதனால் அந்த ஆவியே அதைக் கொதிக்கவைக்கப் போதும். இரண்டாவதின் ஆவி மூன்றாவதைக் கொதிக்கவைக்கும். 1843இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அடுப்பில் ஒருமுறை எரித்த எரிபொருள் மூன்று முறை தண்ணீரை விரட்டுகிறது. உலகெங்கும் சர்க்கரை ஆலைகளின் ஆவியாக்கிகள் இன்றும் இந்த முறையில்தான் இயங்குகின்றன. நேட்டால் கடற்கரையோரம் காரில் போகும்போது ஆலையிலிருந்து எழும் வெண்புகையில் பெரும்பங்கு, கரும்புக்குள் இருந்த தண்ணீர்தான்.

இதுவரை பார்த்தது வெப்பம் உள்ளே போவதைப் பற்றி. உள்ளே போன வெப்பம் வெளியே வர மறுப்பதையும் நம் வீடுகள் நன்றாக அறியும். ஆடி மாதத்தில், இங்கே அது நடுக்குளிர்காலம், டர்பன் மாரியம்மன் கோவில்களில் கூழ் ஊற்றுவார்கள். எங்கள் வீட்டில் மீலி மீல் என்னும் மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்துக் காய்ச்சுவது வழக்கம். சிறுவயதில் ஒருமுறை, மேலே ஆடை படிந்து ஆறிப்போனதுபோல் இருந்த கூழை நடுவிலிருந்து ஒரு வாய் எடுத்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். "ஓரத்துலேருந்து வழிச்சுக் குடிக்கணும்" என்றார் ஆயா. பக்கத்தில் அதே நேரத்தில் இறக்கிவைத்த தேநீர் அதற்குள் குடிக்கும் பதத்துக்கு வந்திருந்தது.

தேநீரும் கூழும் பெரும்பாலும் தண்ணீர்தான். வேறுபாடு அசைவில் இருக்கிறது. தேநீரின் மேற்பரப்பு ஆறியதும் அந்தத் தண்ணீர் கனத்துக் கீழே இறங்க, அடியிலிருக்கும் சூடான தண்ணீர் மேலே வருகிறது; ஓயாத இந்தச் சுழற்சி உள்ளே இருக்கும் வெப்பத்தையெல்லாம் மேலே கொண்டுவந்து காற்றிடம் கொடுத்துவிடுகிறது. கூழுக்குள் இந்தச் சுழற்சி நடக்க இடமில்லை. கெட்டியான மாவு அதைக் கட்டிப்போட்டுவிடுகிறது. வெப்பம் ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்குக் கைமாறிக் கைமாறியே வெளியே வர வேண்டும். தண்ணீரும் மாவும் அந்த வேலையில் படு மந்தம். மேலே படியும் ஆடை ஆவியாவதையும் தடுத்துவிடுகிறது. ஆவியோடு போகும் பெரும் வெப்பமும் உள்ளேயே தங்குகிறது. இப்படிக் கைமாறிச் செல்லும் வெப்பத்துக்கு ஒரு கடுமையான விதி உண்டு: தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். அகலமான தட்டில் பரப்பினால் கூழ் சட்டென்று ஆறுவதும், அண்டாவின் நடுவில் மணிக்கணக்கில் சுடுவதும் இந்த விதியின் விளைவுகள். குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

டர்பனின் பன்னி சௌவையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். ரொட்டியின் நடுவைக் குடைந்து, உள்ளே பீன்ஸ் கறியோ ஆட்டுக்கறியோ ஊற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். கறி கொதிக்கக் கொதிக்க இருக்கும். பிடித்திருக்கும் கை சுடாது. ரொட்டி என்பது கோதுமையால் கட்டப்பட்ட காற்றறைகளின் கூட்டம். அசையாமல் சிறைப்பட்ட காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மிக மோசம். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் பல்லாயிரத்தில் ஒரு பங்குதான் கடத்தும். உள்ளே கெட்டிக் குழம்பு, அதனால் சுழற்சியும் குறைவு. தட்டு இல்லாத தொழிலாளிக்குத் தட்டாகவும் அதுவே, சுடுசோற்றுப் பெட்டியாகவும் அதுவே.

மின்வெட்டுக் காலத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இதன் பெரிய வடிவம். 2023இல் லோட் ஷெடிங் மிக மோசமாக இருந்த மாதங்களில், மாலைச் சமையலின் நடுவில் மின்சாரம் போவது அன்றாட நிகழ்ச்சி. அந்த ஆண்டில்தான் நாங்கள் வெப்பப் பைக்கு மாறினோம். வைக்கோல் அடைத்த பெட்டிக்குள் பானையை வைத்து மூடுவது ஐரோப்பாவில் பழைய வழக்கம். அதையே நுரைத் துணுக்குகள் அடைத்த துணிப்பையாக 2008இல் தென்னாப்பிரிக்காவில் சாரா காலின்ஸ் ‘வொண்டர்பேக்’ என்ற பெயரில் கொண்டுவந்தார். பைக்குள் அடுப்பு கிடையாது. பருப்பை இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, மூடியோடு பானையைப் பைக்குள் இறக்கிக் கட்டிவிட வேண்டும். வேவதற்குத் தேவை வெப்பநிலை மட்டுமே. புதிதாக வெப்பம் வேண்டியதில்லை, உள்ளே போனது வெளியேறாமல் இருந்தால் போதும். ஐந்து லிட்டர் பானை ஒன்றை நான் அளந்து பார்த்தேன்: 94 டிகிரியில் உள்ளே போனது, நான்கு மணி நேரம் கழித்து 78 டிகிரியில் இருந்தது. கணக்கிட்டால், அந்தப் பானை நான்கு மணி நேரமும் இழந்துகொண்டிருந்தது இருபத்துச் சொச்சம் வாட். ஒரு சிறிய விளக்கின் அளவு. பானை நிறைந்திருந்தால்தான் இது நடக்கும். அரைப் பானை சீக்கிரம் ஆறிவிடும், ஏனென்றால் வெப்பநிலை ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் வெப்பம் பாதிதான். சுகர் பீன்ஸ் சமைப்பவர்கள் மட்டும் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். அந்தப் பயறு வகையில் வயிற்றைக் கெடுக்கும் நச்சுப் புரதம் ஒன்று உண்டு. 80 டிகிரியில் அது அழியாது. முதலில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அரை மணி நேரமாவது நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே பைக்குள் வைக்க வேண்டும்.

கல்யாணப் பிரெயானிக்கு மூடியை மாவால் ஒட்டி, மேலேயும் தணல் போடுவதும் இதோடு சேர்ந்ததுதான்: அரிசியும் மசூர்ப் பருப்பும் அடுக்கடுக்காக நிற்கும் பாத்திரத்தில் கிளறவும் முடியாது, சுழற்சியும் நடக்காது; கீழிருந்து மட்டும் சூடு கொடுத்தால் மேல் அடுக்கு வேவதற்குள் அடி கருகிவிடும்.

தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது இன்னொரு நுட்பமான சோதனை. கல் பதமாக இருந்தால் துளி ‘சுர்’ரென்று பொரிந்து மறையும். அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தால் துளி மறையாமல் முத்துப்போல் திரண்டு கல் முழுவதும் ஓடி விளையாடும். அதிகச் சூட்டில் துளி அதிக நேரம் உயிரோடிருப்பது முரணாகத் தோன்றும். ஜெர்மானிய மருத்துவர் யோஹான் லைடன்ஃப்ராஸ்ட் 1756இல் இதை விரிவாக எழுதிவைத்தார். கல்லின் சூடு ஏறத்தாழ 200 டிகிரியைத் தாண்டும்போது, துளியின் அடிப்பாகம் தொட்டவுடன் ஆவியாகி, துளிக்கும் கல்லுக்கும் நடுவில் மெல்லிய ஆவி மெத்தையாகப் படிந்துவிடுகிறது. அந்த மெத்தை வெப்பத்தைக் கடத்தாது. துளி அதன் மேல் மிதந்து ஓடுகிறது. அந்த நேரத்தில் மாவை ஊற்றினால் தோசை கல்லில் பிடித்துப் பிய்ந்துபோகும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

தீமிதிக்குப் பலர் இந்த ஆவி மெத்தையைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள்: நனைந்த காலடியில் ஆவி உண்டாகிப் பாதத்தைக் காக்கிறதாம். அது முழு விளக்கமாகாது. உலர்ந்த காலோடு நடப்பவர்களும் புண்படாமல் கடந்துவிடுகிறார்கள். உண்மையான விடையைத் தேட ஜோஹன்னஸ்பர்க்கின் ஜூலை மாதக் காலையில் கரண்டிப் பெட்டியைத் திறந்தாலே போதும். இரவு முழுவதும் ஒரே பெட்டியில் கிடந்த எவர்சில்வர் கரண்டியும் மரக் கரண்டியும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். ஆனாலும் எவர்சில்வர் கையைக் கடிக்கும். மரம் ஒன்றும் செய்யாது. கை உணர்வது கரண்டியின் வெப்பநிலையை அல்ல, தன்னிடமிருந்து வெப்பம் எவ்வளவு வேகமாகப் பறிபோகிறது என்பதைத்தான். இரண்டு பொருள்கள் தொடும்போது, தொடும் இடத்தின் வெப்பநிலை இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். வெப்பத்தைச் சேர்த்துவைக்கவும் விரைந்து கடத்தவும் வல்ல பொருள் எதுவோ, அதன் பக்கமாகச் சாய்ந்து நிற்கும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் கோவிலில் புனித வெள்ளியன்று நடக்கும் தீமிதியைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். தோட்டத் தொழிலாளிகளுக்கு விடுமுறை கிடைத்த நாள் என்பதால் அந்த நாளில் நிலைபெற்ற வழிபாடு என்று பெரியவர்கள் சொல்வார்கள். குழியிலிருந்து சில மீட்டர் தள்ளி நின்றாலும் முகம் காந்தும். காற்றின் வழியாக வரும் சூடு அல்ல அது, தணல் வீசும் கதிர்வீச்சு. குழிக்குள் இருப்பது மரக்கரி. எடை குறைந்து, துளைகள் நிறைந்து, சாம்பல் போர்த்தியது. இரும்போடு ஒப்பிட்டால் அது நூற்றுக்கணக்கான மடங்கு மந்தமாகவே வெப்பத்தைக் கடத்தும். அதற்குள் சேர்ந்திருக்கும் வெப்பமும் கொஞ்சம். மனிதப் பாதமோ பெரும்பாலும் தண்ணீர். வெப்பத்தை ஏராளமாக வாங்கிக்கொள்ளும், இரத்தம் அதை அள்ளிக்கொண்டு போகும். 1935இல் இங்கிலாந்தில் குதா பக்ஷ் என்ற காஷ்மீரியர் தணலில் நடந்து காட்டியபோது அறிஞர்கள் அளவெடுத்தார்கள். தணலின் மேற்பரப்பு ஏறத்தாழ 430 டிகிரி. அந்த எண்ணை எடுத்துக்கொண்டு நான் கணக்குப் போட்டுப் பார்த்தால், பாதமும் கரியும் தொடும் இடத்தின் வெப்பநிலை 70 டிகிரிக்குச் சற்று முன்பின்னாக வருகிறது. அதுவும் ஓர் அடிக்கு அரை நொடி. நடுவில் காற்றில் தூக்கிய காலுக்கு இன்னோர் அரை நொடி ஓய்வு. காலெடுத்த இடத்தை உற்றுப் பார்த்தால், சிவப்பாக இருந்த தணல் ஒரு கணம் கருத்திருப்பது தெரியும். பாதம் அதன் வெப்பத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. உள்ளிருந்து மறுபடி வெப்பம் வந்து சேர நேரம் பிடிக்கிறது.

இந்த விளக்கத்தால் விரதமும் பக்தியும் சிறிதாகிவிடுகின்றன என்று நான் கருதவில்லை. நாள்கணக்கில் விரதம் இருந்து, மனத்தை ஒருமுகப்படுத்தியவர் சீராக நடக்கிறார், பயந்தவர் ஓடுகிறார். ஓடும்போது கால் தணலுக்குள் புதைந்து, பாதத்தின் மேல்புறத்து மெல்லிய தோலில் கரி ஒட்டும். நடுவில் தயங்கி நின்றாலோ அரை நொடி இரண்டு நொடியாகிவிடும். புண்படுபவர்களும் இருக்கிறார்கள், அதை மறைக்கத் தேவையில்லை. இயற்பியல் தெரிந்துவிட்டது என்ற துணிச்சலில் வீட்டுத் தோட்டத்தில், இறைச்சி சுடும் பிராய் அடுப்பின் கரியைப் பரப்பி இளைஞர்கள் முயல்வது ஆபத்து. தணலின் ஆழம், மரத்தின் வகை, சாம்பலின் அளவு எல்லாவற்றையும் கோவிலில் அனுபவப்பட்ட கைகள் பார்த்துக்கொள்கின்றன.

அப்படி ஒரு பெரியவரை நான் கவனித்திருக்கிறேன். கூட்டம் இன்னும் ஊர்வலத்தோடு வந்து சேரவில்லை. நீண்ட இரும்பு வாரியால் அவர் தணலைச் சமன்செய்துகொண்டே குனிந்து குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். விறகில் பழைய பலகைகளும் கலந்திருந்தனவாம். அவர் வாரி இழுத்து ஓரத்து மண்ணில் தள்ளியவற்றை எட்டிப் பார்த்தேன்: நான்கைந்து ஆணிகள், ஒரு கதவுக் கீல், சில கூழாங்கற்கள். சுற்றியிருந்த கரியின் அதே வெப்பநிலைதான் அவற்றுக்கும்.